ஏழு வினாடி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்றொரு நகரம். அதன் வடக்குப் பக்கமாக ரில்லிட்டோ என்ற ஆறு போகிறது. ஆறு என்பது பேச்சுக்குத்தான். வருடத்தின் பெரும்பகுதி அது வெறும் மணல். மலையில் பனி உருகும்போதும், ஜூலை தொடக்கம் செப்டம்பர் வரை வானம் திடீரென்று கொட்டும்போதும் மட்டுமே அதில் தண்ணீர் ஓடும். 1983ஆம் ஆண்டு ஒக்டோபரில் பெருவெள்ளம் வந்து கரைகளை அறுத்துக்கொண்டு போனது. அதன் பின்னர் சீமெந்து கலந்த மண்ணால் கரைகளை இறுக்கிக் கட்டினார்கள். அந்தக் கரைகளின் மேலே நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் போடப்பட்ட பாதை, இன்று வேறு ஆற்றங்கரைகளையும் சேர்த்துக்கொண்டு 130 மைலுக்கு மேல் நீளுகிறது. மேடில்லை, பள்ளமில்லை. விரித்த பாயைப் போல மட்டமான தார்ப்பாதை. தலைக்கு மேலே ஒரு துண்டு முகிலும் இல்லாத வானம். அந்தப் பாதையில் 2023ஆம் ஆண்டு பெப்ரவரி தொடக்கம் மே மாதம் வரை, காலைவேளைகளில், நான் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

இதை வாசிக்கும் பலருக்கு இந்த வசனம் கொஞ்சம் உறுத்தும் என்பது எனக்குத் தெரியும். அக்கரைப்பற்றில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். அபாயா அணிகிறவள், ஐவேளை தொழுகிறவள். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகப் போனவளுக்கு நாயோடு என்ன வேலை என்று ஊரில் பலர் கேட்டார்கள். அதற்குரிய பதிலாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மகளின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி தனியாக வசித்தார். நூலகமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மகள் அங்கே குடிவந்த புதிதில், சாமான் பெட்டிகளைப் பிரிக்கும் முன்னரே சூடான ரொட்டியோடு வந்து கதவைத் தட்டியவர் அவர்தான். ஜனவரிக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சக்கர நாற்காலியில் வந்தார். பிள்ளைகள் தூர மாநிலங்களில். வீட்டில் அவரோடு இருந்தது ஒரு நாய் மட்டும்தான்.

"உம்மா, அவங்கட நாயை ஒவ்வொரு நாளும் நடத்த ஆளில்லாட்டி காப்பகத்துல கொண்டுபோய் விடவேணுமாம். கூலிக்கு ஆள் வைக்க அவங்கட பென்ஷன் காணாது. பத்து வயசு நாயை அங்கயிருந்து யார் எடுக்கப்போறாங்க? அவங்க ராவெல்லாம் அழுதிரிக்காங்க" என்று மகள் சொன்னாள்.

மகளின் மடியில் இருபது நாள் குழந்தை. மருமகன் விடிய ஆறு மணிக்கே பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போய்விடுவார். எனக்கோ சீனி வருத்தம். தினமும் நாற்பது நிமிடம் நடக்கவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. எப்படியும் நடக்கத்தானே போகிறேன் என்று மனம் சொன்னது. ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித்தந்த நஜீஸ் பாடமும் கூடவே எழுந்து நின்றது.

நம் ஷாபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவவேண்டும். அவற்றில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவவேண்டும். இது நமக்குப் பால்குடியோடு ஊட்டப்பட்டது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமிருக்கவில்லை, இன்றும் இல்லை. மௌலவியான என் தம்பிக்கு வட்ஸ்அப்பில் கதைத்தேன். விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ராத்தா, காய்ஞ்சதும் காய்ஞ்சதும் பட்டா நஜீஸ் ஒட்டாது. ஈரம் பட்டா ஏழு தரம் கழுவுங்க, அதில ஒண்டு மண். அது சட்டம். அயல்வீட்டாக்கள்ர ஹக்கும் சட்டம்தான். அவங்க முஸ்லிமா இல்லியா எண்டு அதுல கேள்வி இல்ல. நாயை ஊட்டுக்குள்ள எடுக்காதீங்க. மத்தப்படி போங்க."

போனேன். பழைய அபாயா ஒன்றையும், வாசலுக்கு வெளியே கழற்றிவைக்கும் ஒரு சோடிச் சப்பாத்தையும், றப்பர் கையுறையையும் இதற்கென்றே ஒதுக்கினேன். மகளின் வீட்டு முற்றத்தில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயொன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு போத்தல் நிறைய ரில்லிட்டோ ஆற்று மணலை அரித்து வைத்தேன். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு முழு ஆறே மணலாகக் கிடந்தது. ஏழாவது கழுவலுக்கு மண் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

நாயின் பெயர் ரூபி. கிரேஹவுண்ட் இனம். மெலிந்து நீண்ட உடல், ஒட்டிய வயிறு, மானைப் போன்ற கால்கள். டூசானில் 1944ஆம் ஆண்டிலிருந்து நாயோட்டப் பந்தயத் திடலொன்று இருந்தது. 2016ஆம் ஆண்டு அரிசோனா மாநிலம் அந்தப் பந்தயத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியது. அப்போது வெளியே வந்த நாய்களில் ரூபியும் ஒன்று. அதன் இரண்டு காதுகளின் உட்புறத்திலும் எண்களும் எழுத்துக்களும் பச்சை குத்தப்பட்டிருந்தன. ஒரு காதில் பிறந்த மாதமும் வருடமும், மற்றக் காதில் அது பிறந்த ஈற்றின் இலக்கம். எந்த நாய் எந்தப் பந்தயத்தில் ஓடியது என்று கணக்கு வைப்பதற்காக அப்படிச் செய்வார்களாம். பந்தயத்தில் இந்த நாய்களுக்கு முன்னால் இயந்திரத்தில் பூட்டிய பொம்மை முயலொன்று ஓடும். மணிக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் வேகத்தில் அவை அதைத் துரத்தும். ஒருநாளும் பிடிக்க முடியாது.

ஆற்றங்கரைப் பாதையில் காலையில் உண்மையான முயல்கள் குறுக்கே ஓடும். அவற்றைக் கண்டால் ரூபி சிலையாக நின்றுவிடும். உடம்பு முழுவதும் நடுங்கும். நான் பட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நாயைக் கட்டிய பட்டியின் நீளம் ஆறு அடி. அந்த ஆறடிக்குள் ஒரு நடுக்கம் பட்டி வழியாக வந்து என் கையிலும் ஏறும். முயல் பற்றைக்குள் மறைந்ததும் ரூபி ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி நடக்கும்.

பாலைவனம் என்றால் மணல்மேடு என்றுதான் நமக்குத் தோன்றும். சொனோரா பாலைவனம் அப்படியல்ல. அங்கே மரங்கள் உண்டு. பட்டையே பச்சையாக இருக்கும் பாலோ வேர்டே மரம், நம்மூர் உடை மரத்தை நினைவூட்டும் மெஸ்கீட், ஆகாயத்தை நோக்கிக் கைகளைத் தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளி. வடக்கே கத்தலினா மலைத்தொடர், காலையில் நீலமாகவும் ஏறுவெயிலில் மண்ணிறமாகவும் தெரியும். தலையில் ஒரு கறுத்தக் கொண்டையோடு காடைகள் வரிசையாகப் பாதையைக் கடக்கும். சொய்யா என்ற கள்ளியின் முட்துண்டுகள் நிலத்தில் கிடக்கும். காலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கப்போனால் கையிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்காக ஒரு சீப்பைச் சட்டைப்பையில் கொண்டுபோக வேண்டும். முள்ளுக்கும் பாதத்துக்கும் நடுவே சீப்பைச் செருகி ஒரே தட்டாகத் தட்டிவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் அந்த மூதாட்டி.

அவர் சொல்லித்தந்த இன்னொன்றுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. முதல்நாள் பட்டியை என் கையில் தரும்போது சொன்னார்: "பாதையில் இறங்குமுன் உங்கள் புறங்கையைத் தாரின் மேல் வையுங்கள். ஏழு வினாடி எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அவளாலும் நடக்க முடியாது."

காற்றின் வெப்பம் 25 பாகை செல்சியஸாக இருக்கும் நல்ல வெயில் நாளில்கூட தாரின் வெப்பம் 50 பாகையைத் தாண்டிவிடும். நமக்குச் செருப்பு இருக்கிறது, தெரிவதில்லை. நாயின் பாதத்தில் இருப்பது தடித்த தோல்தான். அது வெந்து கொப்பளிக்கும். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்து ஆறவும் நாயால் முடியாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது தன் சூட்டை இறக்குகிறது. அதனால் ஒவ்வொரு காலையிலும் கையுறையைக் கழற்றி, குனிந்து, புறங்கையைத் தாரில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நடந்து திரும்பியதும் குழாயடியில் குந்தி, ஈரம் பட்ட இடத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கழுவினேன். போகும்போது ஓர் ஏழு, வரும்போது ஓர் ஏழு.

குழாயடி மூதாட்டியின் ஜன்னலுக்கு நேரே இருந்தது. ஒருநாள் நான் மணலால் கை தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, முள் ஏதும் குத்திவிட்டதா என்று பதறிக் கேட்டார். இல்லை, இது எங்கள் மார்க்கத்துச் சுத்தம் என்று விளக்கினேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை என்று சொல்லும்போது, அவர் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்கு உள்ளூர உதறியது. அவர் பிள்ளையைப்போல வளர்க்கும் ஒரு பிராணியைப் பற்றியல்லவா சொல்கிறேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்படியென்றால் அவளுக்காக ஒவ்வொரு நாளும் ஏழு தடவை கழுவுகிறீர்களா?"

அவர் கண் கலங்கியிருந்தது. அவருடைய வாயில் அது 'அவளால்' என்று வரவில்லை, 'அவளுக்காக' என்றுதான் வந்தது. அந்த ஒரு சொல்லை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் கழுவச் சொல்கிறது. வெறுக்கச் சொல்லவில்லை. கழுவும் சிரமத்தை ஏற்றுக்கொண்டு அருகே போவதற்கும் அது வழிவிட்டிருக்கிறது. அருகே போகாமல் கல்லெறிவதற்கு அந்தச் சட்டத்தைச் சாட்டாகக் கொண்டுவருவது நம் பழக்கம். அது மார்க்கத்தில் உள்ளதல்ல.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குகைவாசிகளோடு வாசலில் கால்நீட்டிப் படுத்திருந்த நாயை நாம் வெள்ளிக்கிழமை தோறும் கஹ்ஃப் ஸூரா ஓதும்போது கடந்துதான் போகிறோம். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்பது மாயிதா ஸூராவில் இருக்கிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிச் சப்பாத்தில் தண்ணீர் அள்ளிக்கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. வேட்டை, மந்தை, வேளாண்மை ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மை குறைந்துபோகும் என்ற ஹதீஸும் இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. வளர்ப்பது வேறு, இரங்குவது வேறு.

டூசான் பள்ளிவாசலில் மொரோக்கோ நாட்டுப் பெண் ஒருவரைச் சந்தித்தேன். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். அவர்கள் மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். உயிருள்ள நாய் சுத்தமானது என்பது அவர்களுடைய நிலைப்பாடு. பாத்திரத்தை ஏழு தடவை கழுவுவதை அவர்கள் காரணம் கேளாமல் செய்யும் ஓர் இபாதத்தாகக் கொள்கிறார்கள். அவருடைய பாட்டனார் ஆட்டுமந்தைக்கு நாய் வைத்திருந்தாராம். கிரேஹவுண்டின் தோற்றத்தை நான் சொன்னதும், "அது எங்கள் ஸலூகியின் சாயலல்லவா?" என்றார். ஸலூகி அரபுப் பாலைவனத்து வேட்டைநாய். பதவிகள் அதைத் தங்கள் கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். பக்தாதில் கிறிஸ்து ஆண்டு 921இல் காலமான இப்னுல் மர்ஸுபான் என்ற அறிஞர், ஆடை அணிந்த பலரைவிட நாய்கள் சிறந்தவை என்ற தலைப்பிலேயே ஒரு நூல் செய்திருக்கிறார். நம் இலக்கியப் பாரம்பரியத்தில் இப்படியும் ஒரு கிளை இருக்கிறது. நம் வாசகர்கள் அதை அறிந்திருப்பது நல்லது.

அந்தப் பாதையில் எனக்கு நேர்ந்த இன்னொன்றையும் எழுதவேண்டும். ரூபி இல்லாமல் நான் தனியே நடந்த ஜனவரி நாட்களில் எதிரே வருபவர்கள் என் முக்காட்டைக் கண்டதும் பார்வையைக் கைத்தொலைபேசிக்கோ மலைக்கோ கொண்டுபோய்விடுவார்கள். யாரும் கெடுதி சொல்லவில்லை, செய்யவில்லை. ஆனால் அந்தப் பார்வை விலகலை எனக்குத் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து ஆசனம் வெறுமையாகவே இருந்த பயணங்களை நம் பெண்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரூபியோடு நடக்கத் தொடங்கிய அன்றிலிருந்து நிலைமை மாறியது. "குட் மோர்னிங்", "என்ன அழகான நாய்", "பெயரென்ன?" என்றெல்லாம் கேட்டார்கள். பின்னாலிருந்து வரும் சைக்கிள்காரர் "உங்கள் இடப்பக்கம்" என்று குரல் கொடுத்துக் கடந்தபின் திரும்பிக் கையும் அசைப்பார். பாலத்தடியில் வெளவால்கள் இடுக்குகளுக்குள் கீச்சிடுவதை ஒரு முதியவர் நின்று எனக்குக் காட்டித்தந்தார்.

மகிழ்ச்சிதான். ஆனால் உள்ளே ஒரு முள்ளும் குத்தியது. அந்த வணக்கம் எனக்கா, நாய்க்கா? மனுஷி தனியே வந்தபோது தெரியாத மனுஷத்தனம் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வந்ததும் எப்படித் தெரிந்தது? இதை மூதாட்டியிடம் வெளிப்படையாகவே கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "பயந்தவர்களுக்குப் பேச ஒரு சாக்கு வேண்டும். அவள் அந்தச் சாக்கு" என்றார். பிறகு, இந்தப் பாலைவனத்துக்கு முதலில் வந்த முஸ்லிம் நானல்ல என்று சொல்லி, ஹாஜி அலி என்பவரின் கதையைச் சொன்னார். 1856ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் பாலைவனப் பொதி சுமக்க ஒட்டகங்களை இறக்கியபோது அவற்றோடு வந்த ஒட்டகக்காரர் அவர். அவருடைய பெயரை வாயில் பிடிக்கத் தெரியாமல் 'ஹை ஜோலி' என்று ஆக்கிவிட்டார்கள். 1880இல் இந்த டூசானில்தான் திருமணம் செய்தார். 1902இல் இறந்தார். அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற ஊரில் அவருடைய கப்றின் மேல் கற்களால் ஒரு பிரமிட்டும் அதன் உச்சியில் ஓர் ஒட்டக உருவமும் வைத்திருக்கிறார்கள். அவரையும் ஒரு பிராணியோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு வெயில் ஏறத் தொடங்கியது. நாங்கள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டு ஏழரைக்குள் திரும்பிவிடுவோம். ஒருநாள் ரூபியை விட்டுவிட்டு, பத்து மணி வெயிலில் பாதையோரமாக இருந்த கடைக்கு நான் தனியே நடந்து போனேன். எதிரே ஓர் இளைஞன் ஓடிவந்தான். காதில் பாட்டுக் கருவி, காலில் நல்ல சப்பாத்து. பின்னால் பட்டியில் ஒரு சிறிய வெள்ளை நாய். அது ஓடவில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்துத் தத்திக்கொண்டு வந்தது. என் கையில் நாயுமில்லை, பேசச் சாக்குமில்லை. வெறும் முக்காடு போட்ட ஒரு கிழவி நான். கையைக் காட்டி அவனை மறித்தேன்.

அவன் முகம் கடுத்தது. நான் ஆசிரியையாக இருந்தவள். அப்படிப்பட்ட முகங்களைப் பார்த்துப் பழகியவள். "மகனே, உன் புறங்கையை இந்தத் தாரில் வை, நான் எண்ணுகிறேன்" என்று குனிந்து முதலில் என் கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். அவனும் வைத்தான். இரண்டுதான். பிறகு ஒன்றும் பேசாமல் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அதன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் போத்தல் தண்ணீரை நீட்டினேன். மெஸ்கீட் நிழலில் உட்கார்ந்து அவன் உள்ளங்கையில் ஊற்ற ஊற்ற அது குடித்தது. போகும்போது "நன்றி, மேடம்" என்றான். அந்த நன்றி நாய்க்கா எனக்கா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மே மாதம் பிறந்தபோது மூதாட்டி நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதையின் தொடக்கம் வரை வந்துவிட்டார். அங்கேயிருந்த வாங்கில் உட்கார்ந்து ரூபியின் பட்டியை வாங்கிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் ஒரு மாணவி காலையில் வந்து நடத்துவதாக ஏற்பாடாகியிருந்தது. காப்பகத்துக்குப் போகவேண்டிய தேவை வரவில்லை. நான் விடைபெற்ற நாளில் ரூபி எழுந்து வந்து என் அபாயாவில் மூக்கைத் தேய்த்தது. ஈர மூக்கு. குழாயடிக்குப் போய் ஏழு தடவை கழுவினேன். மீந்த மணலை ஆற்றிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

ஊரிலும் வெயிலுக்குக் குறைவில்லை. வைகாசி பிறந்தால் கச்சான் காற்று கொதிக்கும். பிரதான வீதியின் தார் மத்தியானத்தில் இளகிச் செருப்பில் ஒட்டும். மீன் சந்தைக்குப் பின்னால் திரியும் நாய்கள் லொறிகளின் அடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தியது. நிறுத்தியதோடு அவற்றுக்குத் தாகமும் நின்றுவிடவில்லை. விசர்நாய்க் கடிக்குப் பயப்படுவது நியாயம். தடுப்பூசி போடவேண்டும், பிள்ளைகளைக் கவனமாகப் பார்க்கவேண்டும். இவையெல்லாம் சரி. ஆனால் தண்ணீருக்கு என்ன குறை?

வளவின் வெளிமதிலோரம், வேப்பமர நிழலில், ஒரு பழைய மண்சட்டியில் காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். காகமும் வரும், பூனையும் வரும், வீதியால் போகும் ஆடும் வாய் வைக்கும். மத்தியானத்தில் நாய்கள் வரும். முதலில் என்னைக் கண்டதும் ஓடின. கல் எடுக்கப்போகிறேன் என்று நினைத்திருக்கும். இப்போது நான் குனிந்தாலும் ஓடுவதில்லை.

தங்கை ஒருநாள் வந்து மதிலடியில் நின்று பார்த்தாள். நாயொன்று சட்டியில் வாய் வைத்துச் சளக் சளக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

"ராத்தா, இந்தச் சட்டிய ஒவ்வொரு நாளும் ஏழு தரம் கழுவுறீங்களா?" என்று கேட்டாள்.

"இது நம்மட சட்டி இல்ல புள்ள, அதுகள்ர சட்டி" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள். மறுகிழமை அவளுடைய வீட்டு மதிலடியிலும் ஒரு சட்டி இருந்தது.